நாலரை லிட்டரும் ஒரே தடவையும்

அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், வீட்டில் இருப்பவர்கள் "தர ஆய்வு" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பொய்யில்லைதான். ஆனால் மறைக்காமல் சொல்வதானால், அக்கா இருபத்திரண்டு வருஷமாகக் கழிப்பறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் ஃப்ளஷ் அமுக்குகிறவள். ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை. சனிக்கிழமை அரை நாள் என்பதால் அறுபது.

சும்மா அமுக்குகிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சோதனை அறையில் ஆறு மேடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கழிப்பறைப் பேசின், அதன் தலைமாட்டில் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி இருபது மீட்டர் குழாய். காலையில் வந்ததும் அக்கா முதலில் சோயா விழுதைப் பிசைவாள். அச்சில் அழுத்தி, ஐம்பது ஐம்பது கிராமாக நீளவாக்கில் உருட்டி, மெல்லிய உறை மாட்டித் தட்டில் அடுக்குவாள். அவை எதற்குப் பதிலாக நிற்கின்றன என்பதை நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். அக்காவின் மகள் சின்ன வயதிலிருந்தே நீளமாக உருட்டிய எந்தப் பலகாரத்தையும் தொட மாட்டாள், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஏழு உருண்டைகளைப் போட்டு அமுக்கினால் ஏழும் ஒரே மூச்சில் போய்விட வேண்டும். அப்புறம் விளிம்புக்குக் கீழே நீல மையால் சுற்றிலும் ஒரு கோடு போட்டு அமுக்குவாள். கோடு இருந்த இடம் தெரியக் கூடாது. அப்புறம் நூறு பிளாஸ்டிக் மணிகள். ஐந்துக்கு மேல் மிதந்துகொண்டு திரும்பி வந்து நின்றால் அந்தப் பேசின் தோற்றது. எல்லாவற்றிலும் தேறினால் அதன் நெற்றியில் சாக்பீஸால் "ஒரே தடவை" என்று எழுதுவாள். தேறாவிட்டால் "மறுபடி". இதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டாள். அதனால்தான் தொழிற்சாலையில் அவளுக்கு ஒரேதடவை அக்கா என்று பெயர். அக்கா "ஒரே தடவை" என்று எழுதி அனுப்பிய எந்த மாடலும் இருபத்திரண்டு வருஷத்தில் புகாராகத் திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமையை அவள் வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் நடையில் தெரியும்.

வீட்டில் கதையே வேறு. அங்கே அவள் ஒரே தடவை சொல்லி நடந்த காரியம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிடவே நாலு தடவை ஆகும். முதல் தடவை அடுப்படியிலிருந்து, இரண்டாவது கூடத்திலிருந்து, மூன்றாவது அவர் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து. நாலாவது தடவை கரண்டியால் தட்டைத் தட்டினால்தான் நிமிர்ந்து பார்த்து, "என்ன, கூப்பிட்டியா?" என்பார். முப்பது வருஷம் இரும்புத் தகடு அடிக்கிற பட்டறையில் மெக்கானிக்காக இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். அவருக்குத் திமிர் என்பது அக்காவின் முடிவு.

பழைய பேசினுக்கும் புதிய பேசினுக்கும் என்ன வித்தியாசம் என்று அக்காவைக் கேட்டால் இப்படிச் சொல்வாள்: பழசுக்குப் பலம் உண்டு, புத்தி கிடையாது. பதின்மூன்று லிட்டர் தண்ணீரை மொத்தமாகத் தலையில் கொட்டும், எதிரே எது இருந்தாலும் அடித்துக்கொண்டு போகும். புதுசு மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு, எங்கே தள்ள வேண்டும், எப்படிச் சுழற்ற வேண்டும் என்று யோசித்துச் செய்யும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை உண்டு. அதற்குப் பலமும் கிடையாது, புத்தியும் கிடையாது. அதுதான் ஆறு லிட்டர்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று தொழிற்சாலை தொட்டியை மட்டும் பாதியாக வெட்டியது. பேசின் அதே பழைய பேசின், உள்வளைவும் அதே பழைய வளைவு. அக்கா ஏழு உருண்டை போட்டாள், நாலு திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றன. "மறுபடி" என்று எழுதினாள். நிர்வாகத்துப் பெரியவர்கள் அந்தச் சாக்பீஸைத் துடைத்துவிட்டு விற்பனைக்கு அனுப்பினார்கள். கையோடு ஊழியர்களுக்கும் ஆளுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தார்கள். "வேண்டாங்க, அது ஆகாது" என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். இலவசம் என்ற சொல்லுக்கு அப்புறம் வீட்டுக்காரர் எதையும் கேட்கவில்லை. அன்றே மாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் அவருடைய மூத்த சகோதரி வந்தார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. அவர் கூடத்துக்குள் நுழைந்தால் நாற்காலிகள்கூட நேராக நிற்கும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, பாத்ரூமுக்குள் போனார். ஃப்ளஷ் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. அப்புறம் மூன்றாவது. கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒன்பது தடவை ஆயிற்று. கடைசியில் கதவுக்குள்ளிருந்து, காலை வழிபாட்டில் ஆயிரம் பிள்ளைகளை அடக்கிய அந்தக் குரல், இத்தனூண்டாகக் கேட்டது: "ஒரு வாளி குடுங்களேன்."

அதற்கு அப்புறம் அவர் அந்த வீட்டில் ஒரு பகல்கூடத் தங்கியதில்லை. வீட்டுக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கோ இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய கட்டடத்திலிருந்து பதின்மூன்று லிட்டர் பேசின் ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு ஆள் வைத்துத் தூக்கி வந்து மாட்டினார். வெளிறிய பச்சை நிறம். பக்கவாட்டில் இரும்புக் கைப்பிடி. இழுத்தால் சுவர் அதிரும், சன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். அதற்கு யானை என்று பெயர் வைத்தது மகள். பதினெட்டு வருஷமாக யானை அந்த வீட்டில் குடியிருந்தது. ஃப்ளஷ் சோதிக்கிறவள் வீட்டிலேயே பதின்மூன்று லிட்டர் என்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் அக்காவின் சொல் செல்லுபடியான ஒரே இடம் மூடி. ஒருமுறை சோதனை அறையில் தொட்டியில் சிவப்புச் சாயம் கலந்து, பேசினுக்கு மேலே வெள்ளைத் தாள் பிடித்து அமுக்கிப் பார்த்தார்கள். தாள் முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. அக்கா அந்தத் தாளை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினாள். "இதெல்லாம் காத்துல பறந்து உங்க பல்தேய்க்கிற பிரஷ்ல உக்காருது. இனிமே மூடியை மூடாம அமுக்கறவங்களுக்குச் சோறு கிடையாது." இதை மட்டும் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து மூடியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்து, கையைப் பின்னால் விட்டுக் கைப்பிடியை இழுப்பார். யானை அவரையும் சேர்த்து ஒரு குலுக்குக் குலுக்கும். போய்விட்டது என்று அர்த்தம்.

இப்படி இருக்கும்போதுதான் நாலரை வந்தான். நாலரை என்பது தொழிற்சாலையின் இளம் வடிவமைப்பாளன். நாலரை லிட்டரில் எல்லாம் போகிற மாதிரி ஒரு பேசின் செய்கிறேன் என்று மூன்று வருஷம் அலைந்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உள்வளைவை அகலப்படுத்தி, கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்திலும் மெருகு பூசி, விளிம்பைச் சுற்றி ஓட்டைகளுக்குப் பதிலாக இரண்டே இரண்டு பிளவுகள் வைத்திருந்தான். தண்ணீர் சுழன்றுகொண்டு இறங்கியது. தொட்டி மேல் இரண்டு பொத்தான். பெரியதற்கு நாலரை லிட்டர், சின்னதற்கு மூன்று. அக்கா ஏழு உருண்டை போட்டாள், போயின. ஒன்பது போட்டாள், போயின. வீம்புக்குப் பதினொன்று போட்டாள்.

"அக்கா, இது மனுஷங்களுக்குச் செஞ்சது" என்றான் நாலரை.

பதினொன்றும் போயின. அக்கா பேசின் நெற்றியில் "ஒரே தடவை" என்று எழுதி, வழக்கமில்லாத வழக்கமாகக் கீழே ஒரு கோடும் போட்டாள். நாலரைக்குக் கண் கலங்கிவிட்டது. "சத்தத்தைக் கவனிச்சீங்களாக்கா? சத்தமே இல்லை. அதுக்கே ஒரு வருஷம் ஆச்சு" என்றான்.

ஆனால் மேலாளர் ஆறு லிட்டரில் சூடு பட்டவர். ஆறு வீடுகளில் மாட்டி, அறுபது நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார். முதல் பதினைந்து நாள் வீட்டிலிருக்கும் பழைய பேசின், மீதி நாற்பத்தைந்து நாள் புதுசு. கழிப்பறைக்குப் போகிற குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர். ஆறு வீட்டிலும் தண்ணீர் குறைந்தால் மாடல் உற்பத்திக்காகச் சூளைக்குப் போகும். ஒரு வீட்டில் தவறினாலும் அச்சை உடைத்துவிடுவார்கள். "ஒரேதடவை அக்கா, உங்க வீட்டையும் சேர்த்துக்கலாம். உங்க வீட்டுலயே ஓடலைன்னா ஊர்ல எங்க ஓடப்போகுது?" என்றார். அக்கா தலையாட்டினாள். ஆட்டின பிறகுதான் யானை ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யானையை உடைக்கக் கூடாது. பின்கட்டில் செங்கல் மேல் உட்கார வைத்து, சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். புதுசு காலை வாரினால் அன்றைக்கே யானை உள்ளே வரும். சரி என்று ஒப்புக்கொண்டார்கள்.

யானை இருந்தவரை மீட்டர் ஒரு நாளைக்கு நூற்று ஐம்பத்தைந்து லிட்டர் காட்டியது. புதுசு மாட்டின பிறகு மற்ற ஐந்து வீடுகளிலும் மீட்டர் மளமளவென்று இறங்கி, நாற்பத்தைந்து, ஐம்பது என்று நின்றது. அக்கா வீட்டில் மட்டும் நூற்று எழுபது.

அக்கா மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நூற்று எழுபதேதான். யானையைவிட அதிகம். நாலரை லிட்டர் பேசின் பதின்மூன்று லிட்டர் பேசினைவிட அதிகமாகக் குடிக்கிற அதிசயம் உலகத்திலேயே அவள் வீட்டில்தான் நடந்தது.

தொட்டியில் கசிவு இருக்குமோ என்று சாயம் கலந்து ஒரு மணி நேரம் காத்திருந்தாள். பேசினில் ஒரு சொட்டு நிறம் இறங்கவில்லை. மிதவையைக் கழற்றிப் பார்த்தாள், சரியாக இருந்தது. கடைசியில் சோதனை அறையிலிருந்து அமுக்க அமுக்க எண்ணிக்கொள்கிற குட்டிக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, பொத்தானுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் மாட்டினாள். மறுநாள் பார்த்தால் நாற்பத்தொன்று. வீட்டில் இருப்பது மூன்றே பேர்.

முதல் சந்தேகம் மகள் மேல். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் இரண்டு தடவை துடைக்கிற பழக்கம் உள்ளவள். "அம்மா, நான் கடையிலயே பாதி நாள் இருக்கேன். நாற்பத்தொரு தடவை அமுக்கறதுக்கு நான் லீவு போடணும்" என்றாள் அவள். அது நியாயம்தான்.

வீட்டுக்காரரிடம் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது காதில் விழுந்தது. "நானா? நல்லா வேலை செய்யற வரைக்கும் அமுக்குவேன். அதுக்கு மேல ஒரு தடவைகூட அமுக்க மாட்டேன்" என்றார்.

தொழிற்சாலையில் விஷயம் பரவ நேரமாகவில்லை. ஒரேதடவை அக்கா வீட்டில் நாற்பத்தொரு தடவையாம் என்று சாப்பாட்டு மேசையில் கூடிக்கூடிச் சிரித்தார்கள். ஒருவன் அவள் நாற்காலி முதுகில் சாக்பீஸால் "மறுபடி" என்று எழுதி வைத்தான். அக்கா அதைத் துடைக்காமலேயே உட்கார்ந்தாள், புடவையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. நாலரை மெதுவாக அருகில் வந்தான். "அக்கா, ஆறாவது வீட்டு மீட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாமா? அஞ்சு வீடு சரியா இருக்குல்ல."

"நூறு மணியில திரும்பி வந்த மணியை நான் எண்ணாம விட்டா, அது போயிடுச்சுன்னு ஆயிடுமா?" என்றாள் அக்கா. அவன் போய்விட்டான். ஆனால் அன்று முழுக்க அவள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். அச்சை உடைத்தால் அந்தப் பையனின் மூன்று வருஷம் போகும். தன்னுடைய இருபத்திரண்டு வருஷம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரர் செய்தித்தாளோடு பாத்ரூமுக்குள் போனார். அக்கா ஒரு கூடைத் துணியை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். மூடி மூடுகிற சத்தம் கேட்டது. பொத்தான் அமுங்கியது, தண்ணீர் சரசரவென்று இறங்கியது. ஒன்று. அப்புறம் செய்தித்தாள் புரளும் சத்தம். பழைய தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருந்து, மறுபடி அமுக்கினார். இரண்டு. இன்னொரு பக்கம் புரண்டது. மூன்று. விளையாட்டுச் செய்தி வந்திருக்க வேண்டும், கொஞ்சம் தாமதமாக நாலு. ஏழாவது தடவைக்கு அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க! உள்ள என்னதான் பண்றீங்க?"

பதில் இல்லை. எட்டு.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அவளைப் பார்த்துக் கொஞ்சம் துணுக்குற்றார்.

"எட்டுத் தடவை!" என்றாள் அவர் முகத்துக்கு நேராக.

"பின்ன என்ன? உங்க பேசின் வேலை செய்யறதே இல்ல. தண்ணி விழுந்தா ஒரு சத்தம் வேண்டாமா? ஒரு அதிர்வு வேண்டாமா? பாதி நாள் விழறதே இல்ல."

"மூடியைத் திறந்து பாக்கறது."

"அதைப் போய் யாரு திறந்து பாப்பா? நீதானே மூடச் சொன்னே?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இவ்வளவுதானா! மூடியை மூடச் சொன்னது அவள், சத்தத்தை எடுத்தது நாலரை. கண்ணுக்கும் தெரியாமல் காதுக்கும் கேட்காமல் மனுஷன் எதை வைத்துத்தான் நம்புவான்? நாலரையிடம் சொல்லிக் கொஞ்சம் சத்தம் வைக்கச் சொன்னால் தீர்ந்தது என்று சந்தோஷமாகத் துணிக்கூடையைத் தூக்கினாள்.

இரண்டு அடி வைத்திருப்பாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் கதவுக்கு வெளியே, தரையில் உட்கார்ந்திருந்தாள். எட்டுத் தடவையும் தண்ணீர் இறங்கியது அவளுக்குக் கேட்டது. செய்தித்தாள் புரண்டதுகூடக் கேட்டது. அவர் அந்தத் தண்ணீர் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

சாப்பிடக் கூப்பிட்ட நாலாவது தடவை ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாக வீட்டு ஃபோன் அடித்தால் "நீயே பேசிடு" என்று எழுந்துபோவது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் மற்றவர்கள் சிரித்த பிறகு அவர் சிரிப்பது, எதைச் சொன்னாலும் "ஆமா, ஆமா" என்பது. அதையெல்லாம் திமிர் என்று கணக்கு எழுதியிருந்தாள் அக்கா. ஒரு பேசினை நம்புவதற்கு நூறு மணி போட்டு எண்ணுகிறவள், கூடவே இருக்கிற மனுஷனை ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

அக்கா அழுகிற ஜாதி இல்லை. சோதிக்கிற ஜாதி. "வாங்க இங்க" என்று அவர் கையைப் பிடித்துப் பாத்ரூமுக்குள் கூட்டிப்போனாள். "தொழிற்சாலையில ஒரு சோதனை கேட்டிருக்காங்க. நீங்க சாட்சி. சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. தண்ணி விழற சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க."

அவர் திரும்பி நின்றார். ஆனால் சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி இருந்ததை அக்கா கவனித்தாள், அவர் அதில் அவளைக் கவனிப்பதையும் கவனித்தாள். ஒன்றும் தெரியாதவள் போல முழங்கையை நன்றாக உயர்த்தி அமுக்கினாள். அவர் கையைத் தூக்கினார். அடுத்த தடவை முழங்கையை அசைக்காமல், பின்னால் மறைத்த விரலால் அமுக்கினாள். தண்ணீர் முழுசாக இறங்கி, தொட்டி நிரம்பியும் முடிந்தது. கை இறங்கியே இருந்தது. மூன்றாவது தடவை அமுக்காமலேயே முழங்கையை மட்டும் உயர்த்தி இறக்கினாள்.

அவர் கம்பீரமாகக் கையைத் தூக்கினார்.

அக்கா அசையவில்லை. கண்ணாடிக்குள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கையை இறக்கினார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்துவிட்டது.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள், அவர் எதிரே வந்து நின்று.

"பட்டறையில கடைசி மூணு நாலு வருஷமா" என்றார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் "என்ன?" என்று திருப்பிக் கேட்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"யானை இருக்கிற வரைக்கும் இவ்வளவுன்னு தெரியல. அது ஒண்ணுதான் இந்த வீட்டுல எனக்கு நல்லாக் கேட்டுது. சரி, அவ்வளவு மோசமில்லைன்னு நினைச்சேன்." அப்புறம் சொன்னார்: "காது கேக்கலைன்னு தெரிஞ்சா நீ எங்கிட்டப் பேசறதை விட்டுடுவே. பேசி என்ன பிரயோஜனம்னு விட்டுடுவே. நீ பேசறதுல பாதி புரியாட்டியும், பேசறப்ப உன் முகம் பாக்க நல்லாயிருக்கு."

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னது பாத்ரூமில், மூடிய பேசினுக்குப் பக்கத்தில். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திட்டறப்பகூடவா?" என்றாள்.

"அப்பதான் ரொம்ப" என்றார் அவர்.

திங்கட்கிழமை அக்கா நாலரையை நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னாள். "காது சரியாக் கேக்காதவங்களும் அமுக்கத்தான் செய்யறாங்க. அவங்களுக்குப் போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்? மூடியைத் திறக்காம கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு வை."

நாலரை தொட்டியின் வழவழப்பான மேல்பக்கத்தைக் கவலையோடு தடவினான். அதை அப்படி வழித்தெடுக்க அவனுக்கு ஐந்து மாசம் ஆகியிருந்தது. "அழகு போயிடுமேக்கா."

"அச்சு போறதுக்கு அழகு போகட்டும்."

அவன் தாளில் கோடு போட்டு யோசித்துக்கொண்டிருந்த இரண்டு நாளில் வீட்டுக்காரர் காரியத்தையே முடித்துவிட்டார். பின்கட்டில் உட்கார்ந்து ஒரு பித்தளைக் கம்பியை அறுத்து, தேய்த்து, நுனியில் சிவப்பு வண்ணம் பூசி, தொட்டிக்குள் இருக்கிற மிதவையோடு இணைத்து, தொட்டியின் மூடியில் துளை போட்டு வெளியே விட்டார். தொட்டி நிரம்பியிருந்தால் சிவப்புக் குச்சி தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அமுக்கினால் உள்ளே போய்விடும். தண்ணீர் நிரம்ப நிரம்ப மறுபடி எட்டிப் பார்க்கும். "இப்பதான் இது மெஷின்" என்று தட்டிக்கொடுத்தார். நாலரை வந்து, குச்சி இறங்கி ஏறுவதை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தான். அப்புறம் அவரிடம், எழுதிக் காட்டி, அளவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாளே மீட்டர் ஐம்பதுக்கு இறங்கியது. எண்ணும் கருவி பன்னிரண்டு, பதின்மூன்று என்று நின்றது. அக்கா அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. ஆறாவது வீட்டில் முதலில் நாற்பத்தொன்று, காரணம் பயன்படுத்துகிறவருக்குச் சத்தம் கேட்கவில்லை, குச்சி வைத்த பிறகு சரியானது என்று தேதி போட்டு எழுதினாள். மேலாளர் படித்துவிட்டு, குச்சியோடு சேர்த்தே சூளைக்குப் போகட்டும் என்றார். அறுபதாவது நாள் மீட்டரையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. நாற்காலி முதுகில் எழுதியவன் தானே வந்து துடைத்துவிட்டுப் போனான்.

இதற்கிடையில் மகள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணுக்குக் கண்ணாடி போட்டா அறிவாளின்னு சொல்றாங்க. காதுக்கு மாட்டினா மட்டும் என்ன குறைஞ்சிடும்?" என்று ஒரு வாரம், எழுத்தில் பாதி, கத்தலில் பாதி, வாதாடினாள். கடைசியில் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். அறுபதாவது நாள் காலை, காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவில் ஒரு கருவியோடு அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். அப்புறம் எழுந்து பாத்ரூமுக்குள் போனார், செய்தித்தாள் எடுத்துக்கொள்ளாமல்.

அக்கா நோட்டோடு கதவுக்கு வெளியே நின்றாள். மூடி மூடிக்கொண்டது. பொத்தான் அமுங்கியது. தண்ணீர் இறங்கியது. ஒன்று.

கதவு திறக்கவில்லை. தொட்டி நிரம்புகிற நேரம் போயிற்று. மறுபடி அமுங்கியது.

அக்கா கதவைத் தட்டினாள். "என்னங்க! குச்சி இறங்கலியா?"

"இறங்கிச்சு" என்று உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.

"அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை?"

"சும்மாதான். சத்தம் நல்லாயிருக்கு. சுத்திக்கிட்டுப் போகுது பாரு, கடைசியில ஒரு சின்ன விக்கல் மாதிரி… அந்தப் பையன் நல்லாத்தான் செஞ்சிருக்கான்."

அக்கா நோட்டைப் பார்த்தாள். இன்னொருத்தர் வீட்டில் இப்படி நடந்திருந்தால் இரக்கமில்லாமல் "மறுபடி" என்று எழுதியிருப்பாள். "ஒரே தடவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, எண்ணாமல் விட மனசு வராமல், பொடி எழுத்தில் இப்படியும் எழுதினாள்: ஆறாவது வீடு, அறுபதாவது நாள், நாலரை லிட்டர் கூடுதல். காரணம், முதல் தடவையாகக் கேட்கிறார்.

கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். அவளைப் பார்த்துக் கையமர்த்தினார். "எதுக்கு இப்படிக் கத்தற? மெதுவாவே சொல்லு."

அக்கா நோட்டை மூடினாள். அடுப்படிக்குப் போனாள். தட்டை வைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்தவள், அதைத் திரும்பவும் வைத்துவிட்டாள்.

"சாப்பிட வாங்க" என்றாள், வாய்க்குள்ளேயே.

அவர் வந்தார்.